பேஸ்மெண்ட் கூரையில் தெரியும் இன்சுலேஷனை மூடப் போகிறீர்களா?

கட்டி முடிக்காத பேஸ்மெண்ட்டின் கூரையில், வெப்பம் கடக்காமல் தடுக்க வைக்கும் இன்சுலேஷன் பஞ்சு பஞ்சாகத் தொங்குவதைப் பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி ஸ்டேப்ளரால் அடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும், தலையில் தூசி கொட்டாது. எங்கள் வீட்டிலும் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. வேலையை முழுக்கச் செய்து முடித்த பிறகு, கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மூடுவது கடைசி வேலை. அந்தப் பஞ்சு அங்கே எதற்காக இருக்கிறது, அதற்கு நடுவே இருக்கும் எதையெல்லாம் நாளைக்குக் கை நீட்டித் தொட வேண்டியிருக்கும் என்பது தெரிந்துவிட்டால், எதைக் கொண்டு மூடுவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். சில இடங்களில் மூடவே வேண்டாம் என்றும் முடிவாகும்.

முதலில் பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிடலாம். பாலித்தீன் தீப்பிடித்தால் உருகி, எரிந்துகொண்டே சொட்டும். கீழே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் துணி உலர்த்தும் இயந்திரமும் ஓடும் இடத்தில் கூரை முழுக்க அதைக் கட்டி வைப்பது நல்ல யோசனை இல்லை. அடுத்தது ஈரம். குளிர்காலத்தில் மேல் தளம் கதகதப்பாக இருக்கும், சூடேற்றாத பேஸ்மெண்ட் சில்லென்று இருக்கும். சமையல், குளியல், நாம் விடும் மூச்சு என்று மேலே உண்டாகும் நீராவி சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு இறங்கப் பார்க்கும். அந்தக் குளிர்ந்த பக்கத்தில் ஷீட்டை இழுத்துக் கட்டினால், நீராவி அதன் உள்பக்கத்தில் துளித்துளியாக நிற்கும். பஞ்சு நனையும், உத்தரத்தின் அடிப்பாகமும் நனையும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது. மரத்தில் பூஞ்சணம் பிடிப்பது அதற்கடுத்த கதை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாக, பளபளவென்று இருக்கும் என்பதுதான் இதில் இருக்கும் வம்பு.

காக்கித்தாள் விஷயமும் இதையொட்டியதுதான். நிறைய வீடுகளில் இன்சுலேஷனின் ஒரு பக்கத்தில் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். அது வெறும் தாள் இல்லை, தார் பூசியது. அதில் வரிசையாக அச்சடித்திருப்பதை ஏணியில் ஏறி நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள்: தீப்பிடிக்கக்கூடியது, திறந்தபடி விடக்கூடாது என்று போட்டிருக்கும். குளிர் நாடுகளில் அந்தத் தாள் குளிர்காலத்தில் சூடாக இருக்கும் பக்கம் பார்த்து, அதாவது மேல் தளத்தின் பலகையை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் தாளின் ஓரத்தைக் கீழிருந்து உத்தரத்தில் ஸ்டேப்ளர் அடிப்பது சுலபம் என்பதால் பலர் தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் கூரையில் பாதி அப்படித்தான் இருந்தது. மீதியில் தாளே இல்லாத வெறும் கண்ணாடிப் பஞ்சு. கண்ணாடி இழை எரியாது, எரிவது தாள். ஆகவே, “பஞ்சு தெரிகிறதே” என்று கவலைப்படுவதை விட, “தாள் தெரிகிறதா” என்று பார்ப்பதுதான் முக்கியம்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரோஸ் நிறம் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் 1987-லிருந்து டிரேட்மார்க். மற்றவர்களின் கண்ணாடிப் பஞ்சு பெரும்பாலும் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும். பச்சை கலந்த பழுப்பில் கொஞ்சம் கெட்டியாக, கத்தியால் ரொட்டி மாதிரி வெட்ட வருவது பெரும்பாலும் கல்லை உருக்கி இழையாக்கிய கல்பஞ்சு. ஸ்ப்ரே ஃபோமோ தெர்மோகோல் வகைப் பலகையோ என்றால் கதையே வேறு. அவை பிளாஸ்டிக். வீட்டுக்குள் அவற்றைத் திறந்து வைக்கக்கூடாது, குறைந்தது அரை அங்குல டிரைவாலால் (இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை) மூட வேண்டும் என்பது வட அமெரிக்கக் கட்டட விதிகளில் பொதுவாக உள்ளது. அங்கே அழகு, வசதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழைய வீடு என்றால் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். வெந்நீர்க் குழாய்களைச் சுற்றி வெள்ளையாக, மாவுக்கட்டு போட்டதுபோல ஏதாவது இருந்தால் கை வைக்காதீர்கள், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சாம்பலும் பொன்னிறமுமாக மினுங்கும் சிறு கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் கொட்டியிருந்தாலும் அப்படியே. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி முடிவு வந்த பிறகு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

சரி, பஞ்சு அங்கே எதற்கு? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. பேஸ்மெண்ட்டில் ஃபர்னஸும் காற்றுக் குழாய்களும் இருந்தால் அந்த இடம் ஏற்கெனவே ஓரளவு சூடாகத்தான் இருக்கும். அப்போது இரண்டு தளங்களுக்கும் நடுவே வைத்த பஞ்சால் பெரிய பலன் இல்லை. வெப்பம் வெளியேறுவது காங்கிரீட் சுவர் வழியாகவும், சுவரின் தலையில் உத்தரங்கள் வந்து உட்காரும் விளிம்பு வழியாகவும்தான். பணத்தையும் உழைப்பையும் அங்கே போட்டால் பலன் கைமேல். கூரையில் மட்டும் பஞ்சை அடைத்தால் பேஸ்மெண்ட் இன்னும் குளிர்ந்துபோகும், பஞ்சுக்குக் கீழே ஓடும் தண்ணீர்க் குழாய்கள் கடுங்குளிரில் உறைந்து வெடிக்கும் அபாயம் கூடும். பேஸ்மெண்ட்டை எப்போதுமே சூடாக்கப் போவதில்லை, அது வெறும் கிடங்கு என்றால் கூரைப் பஞ்சுக்கு அர்த்தம் இருக்கிறது. குழாய்களுக்குத் தனியாக உறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் முதலில் விளிம்பைப் பார்த்தோம். ஓரத்திலிருந்த பஞ்சுத் துண்டு ஒன்றை இழுத்து எடுத்தபோது அதன் பின்பக்கம் கரிபடிந்ததுபோல் கறுத்திருந்தது. பார்த்ததும் எல்லோரும் பூஞ்சணம் என்றுதான் சொன்னார்கள். தொட்டால் காய்ந்த தூசி, ஈரமும் இல்லை, வாடையும் இல்லை. விளிம்பு மரத்துக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாக வருடக்கணக்காக வெளிக்காற்று உள்ளே வந்து பஞ்சுக்குள் புகுந்து போயிருக்கிறது. காற்றிலிருந்த தூசியைப் பஞ்சு பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. இந்தக் கறுப்புத் தடம் எங்கே இருக்கிறதோ அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். ஆகவே பஞ்சை எடுக்கும்போது கறுத்த இடங்களில் எல்லாம் பக்கத்து உத்தரத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுக்கொண்டே போனோம். பிறகு அந்த இடங்களில் சீலன்ட் போட்டு அடைத்தோம். கசிவு எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. மூடுவதற்கு முன் செய்த வேலைகளில் வீட்டுக்கு மிகவும் உதவியது இதுதான் என்பேன்.

பஞ்சுக்குள் எலி வளை கிடைப்பதும் சகஜம். சுரங்கம் மாதிரி வழி போட்டு, உள்ளே புழுக்கையும் கூடுமாக இருக்கும். அதை உலர்வாக உதறவோ பெருக்கவோ கூடாது, தூசியோடு கிருமியும் மூக்குக்குள் போகும். கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு எடுத்துப் பையில் கட்டிப் போட வேண்டும். எலி வந்த துளையை அடைக்காமல் கூரையை மூடினால், எலிக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த கணக்குதான்.

அரிப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. கண்ணாடி இழை தோலில் குத்தி நிற்பதால் வரும் அரிப்பு அது. சொறியச் சொறிய உள்ளே இறங்கும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் கையுறைக்கு மேல் டேப், தொப்பி, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, என்95 மாஸ்க் இல்லாமல் ஏணியில் ஏறாதீர்கள். தலைக்கு மேல் வேலை என்பதால் எல்லாம் முகத்தில்தான் விழும். முடித்ததும் முதலில் குளிர்ந்த நீரில் தேய்க்காமல் கழுவிவிட்டு அப்புறம் சோப்பு போட்டுக் குளிப்பது நல்லது. அந்த உடைகளைத் தனியாகத் துவைத்து, பிறகு இயந்திரத்தை ஒருமுறை வெறுமனே ஓடவிடுங்கள். இது புற்றுநோய் தருமா என்று வீட்டில் பயந்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-ல் கண்ணாடிப் பஞ்சை ‘சாத்தியம் உண்டு’ என்ற பிரிவில் வைத்திருந்தது. 2001-ல் மறுபடி ஆராய்ந்து, வீடுகளில் பயன்படும் கண்ணாடிப் பஞ்சையும் கல்பஞ்சையும் ‘மனிதருக்குப் புற்றுநோய் தரும் என வகைப்படுத்த முடியாது’ என்ற பிரிவுக்கு மாற்றிவிட்டது. அதற்காக மாஸ்க்கைக் கழற்றிவிடலாம் என்று இல்லை. தொண்டை கரகரப்பும் கண் எரிச்சலும் நிஜம். பஞ்சை யாரும் தொடாமல் விட்டால் இழை அவ்வளவாக உதிராது. கீழே பிள்ளைகள் பந்து அடிக்கும் இடமென்றால் உதிரும்.

இனி மூடும் பொருள். முதலில் உங்கள் உத்தரம் எந்த வகை என்று பாருங்கள். முழு மரப் பலகையா, அல்லது ஆங்கில எழுத்து ‘ஐ’ வடிவில், நடுவில் மெல்லிய சிம்புப் பலகை வைத்துத் தொழிற்சாலையில் ஒட்டியதா? இந்த இரண்டாவது வகை எடைக்கு நல்ல வலு, ஆனால் தீயில் சீக்கிரம் போய்விடும். பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்க நிறுவனமான அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் 2008-ல் வெளியிட்ட சோதனையில், அடியில் எதுவும் மூடாத முழு மரத் தரை சுமார் 18 நிமிடம் தாங்கியது; மூடாத ஐ-வடிவத் தரை சுமார் 6 நிமிடத்தில் விழுந்தது. அதே ஐ-வடிவத் தரைக்கு அடியில் டிரைவால் அடித்தபோது 26 நிமிடம் தாண்டியது. இந்த 20 நிமிட வித்தியாசம் வீட்டிலிருப்பவர்கள் வெளியே ஓடுவதற்கும், மேல் தளத்தில் நடக்கும் தீயணைப்பு வீரருக்கும்தான். அமெரிக்க மாதிரி வீட்டு விதிகள் 2012 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட தரைகளுக்கு அடியில் அரை அங்குல டிரைவால் அல்லது அதற்கு ஈடான பாதுகாப்பைக் கேட்கின்றன. எந்த ஊராக இருந்தாலும் உள்ளூர்க் கட்டடப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரைவால்தான் என் முதல் தேர்வு. உள்ளே இருக்கும் ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்தோடு பிணைந்த தண்ணீர். தீ பட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை பின்பக்கம் அவ்வளவாகச் சூடேறாது. மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தாலும் இது வேலை செய்வது அதனால்தான். தொல்லை எடையில். 4 அடிக்கு 8 அடி பலகை, அரை அங்குலத்தில் ஏறக்குறைய 50 பவுண்டு, தீத்தடுப்பு வகையான எட்டில் ஐந்து அங்குலத்தில் 70 பவுண்டு. இதைத் தலையால் முட்டுக்கொடுத்தபடி ஸ்க்ரூ அடிப்பதை வீரம் என்று நினைக்காதீர்கள். பலகை தூக்கும் லிஃப்டை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். கிடைக்காவிட்டால், கூரை உயரத்தை விடச் சற்று நீளமாக ஒரு ‘டி’ வடிவக் கட்டை செய்து முட்டுக்கொடுத்துக்கொள்ளலாம், அப்போது கூட ஒரு ஆள் வேண்டும்.

பலகையை உத்தரங்களுக்குக் குறுக்காக ஓடவிட வேண்டும். உத்தரங்கள் வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் இருக்கும், பலகையின் முனை ஓர் உத்தரத்தின் நடுவில் முடியும்படி அளந்து வெட்டுங்கள். உத்தரங்களுக்கு அடியில் குழாயோ ஒயரோ ஓடினால் முதலில் குறுக்கே மரப்பட்டைகளை அடித்துத் தளத்தைச் சமன் செய்துகொள்ளலாம். உத்தரத்தில் துளை போட்டு ஒயர் கொண்டுபோயிருந்தால், துளை மரத்தின் அடி விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் இருக்கும் இடங்களில் இரும்புத் தகடு அடித்துவிட்டுத்தான் பலகையைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் ஸ்க்ரூ நேராக ஒயரில் இறங்கும்.

என் மச்சினன் எலெக்ட்ரிக்கல் வேலை செய்பவன். முதல் பலகையைத் தூக்கப் போன நேரத்தில் டார்ச்சோடு வந்து கூரையை ஒரு சுற்றுப் பார்த்தான். “மாமா, இந்த மூலையில் ஒரு பாக்ஸ் இருக்கு பாருங்க. இதை மூடிட்டீங்கன்னா நாளைக்கு லைட் எரியலைன்னா எங்கே போய்த் தேடுவீங்க?” என்றான். பஞ்சுக்குள் புதைந்திருந்த ஜங்ஷன் பாக்ஸ் அது, மூடி கூட இல்லை. ஒயர்கள் சேரும் பெட்டி எதையும் நிரந்தரமாக மூடக்கூடாது, எப்போதும் திறக்க வசதி இருக்க வேண்டும் என்பது மின்விதி. தண்ணீரை அடைக்கும் வால்வு, கழிவுக் குழாயில் அடைப்பெடுக்கும் மூடி, குளியல்தொட்டிக்கு நேர் அடியில் இருக்கும் இணைப்பு, காற்றுக் குழாயின் தடுப்பு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். உத்தரம் உத்தரமாக நடந்து ஒரு தாளில் எழுதினோம். எழுதி முடித்ததும் கூரையின் வரைபடமே மாறிவிட்டது. ஒரு பக்கம் முழுக்க வால்வும் பெட்டியும்தான், அங்கே டிரைவால் அடித்தால் கதவுகளாகவே போட வேண்டும்.

அந்தப் பக்கத்துக்குத் தொங்கு கூரை போட்டோம். உலோகச் சட்டத்தில் 2 அடிக்கு 2 அடி அட்டை ஓடுகளை வைத்துவிடுவதுதான். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் ஓட்டைத் தூக்கினால் போதும். நஷ்டம் உயரத்தில். ஓட்டைச் சாய்த்து உள்ளே நுழைக்க இடம் வேண்டும் என்பதால் உத்தரத்திலிருந்து மூன்று நான்கு அங்குலம் கீழே இறங்கியே ஆக வேண்டும். புழங்கும் அறைக்கு 7 அடி உயரம் தேவை என்று அமெரிக்க விதி சொல்கிறது, பல பேஸ்மெண்ட்டுகளில் அதைத் தொட்டுக்கொண்டுதான் கூரையே இருக்கும். முதலில் அளந்து பாருங்கள். இன்னொன்று, சாதாரண ஓட்டுக் கூரை டிரைவால் அளவுக்குத் தீயைத் தடுக்காது. எங்கள் உத்தரங்கள் முழு மரம் என்பதால் இதை ஒப்புக்கொண்டோம். பஞ்சு ஓட்டின் மேல் படுத்துவிடக்கூடாது. உத்தரங்களுக்கு நடுவே வளைத்துச் செருகும் கம்பிகளை வைத்து மேலேயே நிறுத்துங்கள். கம்பி பஞ்சைத் தாங்கினால் போதும், அமுக்கினால் அதன் தடுப்புத் திறன் குறையும். பஞ்சு மேல்பலகையை ஒட்டி நிற்க வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் காற்று அதில் ஓடிப் பாதிப் பலனைக் கொண்டுபோய்விடும்.

துணி கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். தோட்டத்தில் களை வராமல் விரிக்கும் துணி, சாக்குத்துணி, வெளிச்சுவரில் சுற்றும் உறை எல்லாவற்றையும் கூரையில் அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சுத்தம், நீராவியும் ஓரளவு வெளியேறும். ஆனால் இவற்றில் எதுவும் வீட்டுக்குள் திறந்தபடி இருப்பதற்கென்று செய்ததில்லை, பெரும்பாலானவை நன்றாக எரியும். துணிதான் வேண்டுமென்றால் தீத்தடுப்புச் சான்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். சூடேற்றும் பேஸ்மெண்ட்டில், சத்தத்துக்காகப் பஞ்சு வைப்பவர்கள், திறந்தபடி விட அனுமதி உள்ள படலம் ஒட்டிய இன்சுலேஷனைக் கேட்டு வாங்கலாம். அட்டையில் தீ பரவும் எண் 25 அல்லது அதற்குக் கீழே என்று போட்டிருக்கும். பார்க்கவும் வெள்ளியாகவோ வெள்ளையாகவோ இருக்கும்; மேலே வேறு எதுவும் அடிக்கத் தேவையில்லை.

ஃபர்னஸ் இருக்கும் அறையில் பஞ்சையே எடுத்துவிட்டோம். சுவரையும் விளிம்பையும் சரிசெய்த பிறகு அங்கே அதற்கு வேலை இல்லை. புகைக்குழாய்க்குப் பக்கத்தில் தாளோடு பஞ்சு தொங்கிக்கொண்டிருந்ததை இன்று நினைத்தாலும் பகீரென்கிறது. எந்தக் குழாய்க்கு எவ்வளவு இடைவெளி என்று குழாயிலேயே அச்சிட்டிருக்கும். இரட்டைச் சுவர்க் குழாய்க்குப் பொதுவாக 1 அங்குலம், ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு 6 அங்குலம். கூரைக்குள் பதித்த விளக்குகளிலும் இதே கவனம் தேவை. இன்சுலேஷன் தொடலாம் என்ற குறி இல்லாத விளக்கென்றால் சுற்றிலும் 3 அங்குலம் விட வேண்டும்.

மூடுவதற்கு முன் ஒரு மழைக்காலத்தைக் கடக்க விடுங்கள். ஈரப்பத மானி ஒன்றைத் தொங்கவிட்டு, 50 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தால் முதலில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் டிஹ்யூமிடிஃபையர், வெளியே மழைநீர் போகும் வழி என்று அதைப் பாருங்கள். டிரைவால் அடித்த பிறகு மேலே குழாய் ஒழுகினால் கறை கூரையில் தெரியும் நேரத்துக்குள் பஞ்சு குடித்தது போக மீதிதான் வெளியே வந்திருக்கும். அடைப்பதற்கு முன் ஒவ்வொரு உத்தர இடைவெளியையும், அளவு டேப்பை விரித்துப் பிடித்து ஃபோட்டோ எடுத்து வையுங்கள். சுவரிலிருந்து எத்தனை அங்குலத்தில் குழாய் போகிறது என்று பிறகு விளக்கு மாட்டும்போது தேவைப்படும், எனக்குத் தேவைப்பட்டது.

சத்தம் குறைந்ததா என்று கேட்டால், பேச்சும் தொலைக்காட்சியும் நன்றாகக் குறைந்தன. நடக்கும் சத்தம் அவ்வளவாக இல்லை. காலடி அதிர்வு பஞ்சைச் சுற்றிக்கொண்டு மரம் வழியாகவே இறங்குகிறது. அதைத் தடுக்க டிரைவாலை உத்தரத்தில் நேராக அடிக்காமல், நெகிழும் உலோகச் சட்டத்தில் தொங்கவிட வேண்டும். கீழே யாராவது தங்கப் போகிறார்கள் என்றால் பலகை வாங்கும்போதே அந்தச் சட்டத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மூடிய பிறகு அதைப் போட ஒரே வழி, அடித்த பலகையை எல்லாம் இறக்குவதுதான்.